முதுகு வசனம்

ஏ.சி. குளிர் எப்போதும் முதலில் கணுக்காலைத்தான் பிடிக்கிறது, ஈரத்துணி சுற்றிய மாதிரி, பிறகு முழங்கால், பிறகு மெல்ல ஏறி நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சால்வை எடுத்து வந்திருக்கலாம், எடுத்து வீட்டில் நாற்காலியின் மேல் போட்டும் வைத்தேன், இப்போது அது அங்கேயே மின்விசிறிக்கு லேசாக அசைந்துகொண்டிருக்கும், நான் உட்கார்ந்திருப்பது போல. விசிறியை நிறுத்தினேனா? இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே சாலிகிராமத்தில் வெயிலா மழையா, பள்ளிக்கூடம் விட்டாயிற்றா, ஒன்றும் உள்ளே வராது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறத் துணி, துணிக்குப் பின்னால் பஞ்சு, அந்தப் பஞ்சில் முப்பது வருஷமாக இங்கே பேசிய பேச்செல்லாம் ஊறிக் கிடக்கும், பிழிந்தால் சொட்டும் என்று நினைத்துக்கொள்வேன். காதில் ஹெட்போன். எதிரே திரை. திரையில் ஒரு துருக்கிக் கடற்கரை, பனிமூட்டம், ஒரு படகு. குமரவேல் கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னார், இந்த டப்பிங் ஸ்டூடியோவை நடத்துகிற குமரவேல், முடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிடுகிறவர்: "ஒரு தடவை முழுசா பாத்துடுங்க மேடம். மத்த திருத்தமெல்லாம் அப்புறம். அந்தக் கதவு வரி வருது பாருங்க, அத எடுத்துடலாமா, பதிலா என்ன போடலாம், அத மட்டும் முடிவா சொல்லிடுங்க. கம்பெனிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க சரின்னா மொத்தமா எடுத்துடுவாங்க. எந்தத் தொடர்லயும் இனி ஆயுசுக்கும் வராது." ஆயுசுக்கும். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது போல லேசாகச் சொன்னார். யாருடைய ஆயுசுக்கு என்று கேள்வி வாய் வரை வந்தது. கதவைச் சாத்திக்கோ, தாழ்ப்பாள் மட்டும் போடாதே. இவ்வளவுதான் அந்த வரி. இதை இந்த எபிசோட் முடிவதற்குள் நான் வைத்துக்கொள்ளவோ கொடுத்துவிடவோ வேண்டும். படகு அசைகிறது. தண்ணீரின் சத்தம் தமிழாக்கப்படாமல் அப்படியே இருக்கிறது, தண்ணீருக்கு வசனம் எழுத யாரும் என்னைக் கேட்டதில்லை.

படியேறும்போது ரெஜினா எதிரே இறங்கி வந்தாள். நான் எழுதிய வசனங்களில் பாதிக்கு மேல் அவள் வாயிலிருந்து வந்தவை, எத்தனையோ வடநாட்டு மருமகள்களுக்கு அவள்தான் தமிழில் தொண்டை. கையில் வெந்நீர் பிளாஸ்க், மூக்கு சிவந்திருந்தது. "என்னக்கா, உங்களையும் கூப்பிட்டாங்களா? நான் அழ வந்தேன்." யாருக்கு என்றேன். "யாருக்கோ! டயலாக் எல்லாம் மிஷினே பேசிக்குது. அழுகதான் அதுக்கு வரலையாம், அழுதா தும்மற மாதிரி இருக்காம். அதான் மூக்குறிஞ்ச மட்டும் ரெஜினா. நாலு விம்மல், ரெண்டு கேவல், ஒரு பெருமூச்சு. கையெழுத்தப் போடு, போயிட்டே இரு." நல்லா அழுதியா? "செமயா அழுதேன்க்கா. அந்த இஞ்சினியர் பயந்துட்டாரு. தண்ணி வேணுமா மேடம்கறாரு. வேணாம் சார், இது சொந்தச் சரக்குன்னேன்." சிரித்தாள். சிரிப்பு படிக்கட்டில் உருண்டு கீழே போயிற்று. அதையும் யாராவது பிடித்து வைத்திருக்கலாம். நானும் சிரித்தேன், என் சிரிப்பில் சத்தம் கிடையாது, வெறும் உதடு. உதடு என்றதும் புத்தி அங்கே போய்விடுகிறது, பழக்கம். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர்கள் பேசினால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும், உதடு மட்டும் தெரியும், மூடுகிறது, திறக்கிறது, குவிகிறது. வேற்றுமொழிக்காரி வாய் மூடுகிற இடத்தில் தமிழிலும் வாய் மூட வேண்டும், ஒரு பகரமோ மகரமோ அங்கே வந்து விழ வேண்டும், இதுதான் என் தொழில், லிப் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அவள் வாய் பிளந்து நிற்கும்போது வேண்டாம் என்று முடிக்க முடியாது, இல்லையே என்று முடிக்கலாம். இல்லை என்கிற இடத்தில் உதடு மூடினால் மாட்டேன் என்று எழுதலாம். கல்லூரியில் யாப்பு படித்தேன், தளை தட்டினால் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பார், அதைவிடத் தண்டனை கிடையாது. இங்கே வந்த பிறகு தளைக்குப் பதில் உதடு. ஒரே கட்டுப்பாடு, வேறு சட்டை. கவிதை எழுதிக்கொண்டிருந்தேன் அப்போது. எப்போது நின்றது என்று தேடிப் பார்த்தால் நின்ற இடம் தெரியவில்லை, மழை நின்ற நிமிஷம் யாருக்குத் தெரிகிறது. கட்டுப்பாட்டுக்குள் ஓர் இடம் மட்டும் திறந்திருந்தது. நடிகை முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், தூரத்தில் நடந்து போனால், வாய் தெரியாது, லிப் இல்லை. அங்கே மூலத்தில் வெறும் காலடிச் சத்தம்தான் இருக்கும், ஆனாலும் ஒரு வரி வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். முதுகு வசனம் என்று நானாகப் பெயர் வைத்தேன். என்னுடைய சொற்கள் எல்லாம் மனிதர்களின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. பிடரியில் தளர்ந்த கொண்டை, ஈரத் தலை, ரவிக்கையின் முடிச்சு, இவைதான் என் தாள்.

அவரும் முதுகைத்தான் காட்டினார். குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துபோய் இரண்டு நாளாக ஆவி ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது, அளவு பார்த்து வாங்க வேண்டும் என்று அந்தப் பழைய வளையத்தை மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு கிளம்பினார் அம்பலவாணன், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், மின்சாரத்தைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவர். பாண்டி பஜார் வளையலா என்று கேலி செய்தேன். செய்தேனா, செய்ய நினைத்தேனா? எழுதிக்கொண்டிருந்தேன், மடியில் பலகை, பலகையில் தாள், நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார், முதுகு, சட்டையில் வேர்வை ஒரு தேசப்படம் போல, அதிலிருந்து குரல் வந்தது, கதவைச் சாத்திக்கோ, தாழ்ப்பாள் மட்டும் போடாதே. பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று அர்த்தம். வேறு ஒரு அர்த்தமும் அதில் அன்றைக்கு இல்லை. தெருமுனையில் பாத்திரக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம், அப்படியே. நாலு பேர் தூக்கி வந்தபோதும் வளையம் மணிக்கட்டில்தான் இருந்தது. கதவு திறந்தேதான் இருந்தது, அவர்கள் தட்ட வேண்டியிருக்கவில்லை. அப்புறம் வருஷங்கள். அவர் தம்பி மகன் இரண்டு மூன்று தடவை திதி கொடுத்தான், பிறகு அவனுக்கு வெளிநாட்டில் வேலை, அங்கே ஆனி மாதம் எங்கே வருகிறது. நானே போனேன், குளக்கரையில் திதி செய்துவைக்கிற மனிதர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பங்காளி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா, பொம்பளைங்க எள்ளு இறைக்கறதில்ல" என்றார். கோபம் வரவில்லை, அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பங்காளி என்பதற்கு அழகாக மூடிக்கொண்டது. அந்த வாரமே ஒரு தொடரில் ஒரு மூத்த மருமகன் வீட்டை விட்டு வெளியே போகிற காட்சி, முதுகு, நீண்ட தாழ்வாரம், இந்தியில் ஒன்றுமே இல்லை. அங்கே வைத்தேன். கதவைச் சாத்திக்கோ, தாழ்ப்பாள் மட்டும் போடாதே. பேச வந்தவர், "எதுக்கும்மா இது, கதையில தாழ்ப்பாளே இல்லையே" என்றார், பேசிவிட்டும் போனார். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் அவர் குரல் சொல்லாத அவர் வாக்கியம் கேட்டிருக்கும். எள்ளும் தண்ணீரும் அதுதான் எனக்கு. அதிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் யாராவது ஒருவர் வாசலைத் தாண்டுவதற்காகக் காத்திருப்பேன், மாமியாரோ, மிராசுதாரோ, ஓடிப்போகிற பெண்ணோ, முதுகு காட்டினால் போதும். ஒரு வருஷம் யாருமே வெளியே போகவில்லை, எல்லோரும் வரவேற்பறையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கூரியர்க்காரன் வந்தான், பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான், அவன் முதுகில் ஏற்றி அனுப்பினேன். யாருக்கும் தெரியாது. ரெஜினாவுக்குக்கூட. சொல்லிவிட்டால் அது வெறும் கதையாகிவிடும் என்று ஒரு பயம்.

படகு கரைக்கு வந்துவிட்டது. நடுவில் நான் எதைத் தவறவிட்டேன்? ஒரு கிழவி, ஒரு மகள், ஏதோ சண்டை, சட்டத்துக்கு உட்பட்ட வாக்கியங்கள், குற்றம் சொல்ல முடியாது, மிஷின் நன்றாகத்தான் எழுதுகிறது. என்னைப் போலவே எழுதுகிறது, கண்ணாடி இல்லாத அறையில் தலை வாரிக்கொள்ளும் நம் கையைத் திடீரென்று இன்னொருவர் கை என்று நினைத்த மாதிரி. ஸ்டூடியோ மாடிப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்த என் பழைய வசனத் தாள்களை மழைக்கு முன்னால் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனதாம், எல்லாவற்றையும் அதற்குப் படிக்கக் கொடுத்தார்களாம். என்னிடம் யார் கேட்க வேண்டும், வாங்கிய அன்றைக்கே அவை அவர்களுடையவை. இப்போது தமிழ் எழுதுவதும் அது, குரல் கொடுப்பதும் அது, அதற்கும் மேல் நடிகையின் வாயையே மாற்றிவிடுகிறது, தமிழ் எப்படிப் போகிறதோ அப்படி உதடு போகும்படி. உதட்டுக்கு நாங்கள் வளைந்தோம், இனி உதடு வளையும். எல்லா இடமும் முதுகு மாதிரி ஆகிவிட்டது, எங்கும் எதையும் எழுதலாம், எழுத ஆள்தான் வேண்டாம். எனக்குக் கொடுத்திருப்பது மேலோட்டமாகப் பார்க்கிற வேலை. "அதுவும் இந்த ஒரு ரெண்டு மாசம் மேடம், முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் அதுவே பாத்துக்குமாம்," என்று குமரவேல் தரையைப் பார்த்துச் சொன்னார், நல்ல மனிதர், தரையைப் பார்க்கிறவர்களெல்லாம் நல்லவர்கள். பிறகு முகம் மலர்ந்து அந்தக் கோளாறைச் சொன்னார். கோளாறு என்றுதான் சொன்னார். "சிரிக்காதீங்க மேடம். எவன் வீட்டவிட்டு வெளிய போனாலும் இந்த ஒரே வரி. போலீஸ்காரன் சோதனை போட்டுட்டுப் போறான், கதவைச் சாத்திக்கோ தாழ்ப்பாள் மட்டும் போடாதேங்கிறான். டாக்டர் சொல்றான். திருடன் மேடம், திருடன்! பீரோவத் தொடச்சு எடுத்துக்கிட்டு ஜன்னல் வழியா எறங்கறான், அவனும் தாழ்ப்பாள் போடாதேங்கிறான்!" நானும்தான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் இருந்தால் திருடனுக்கு வெடித்துச் சிரித்திருப்பார், தொடையில் தட்டிக்கொண்டு. "எங்கேர்ந்து புடிச்சிருக்கும்னே தெரியல. இஞ்சினியர் சொல்றாரு, பழைய ஸ்கிரிப்ட்ல எங்கயோ திரும்பத் திரும்ப வந்திருக்கணுமாம். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா மேடம்?" இல்லை என்றேன். உதடு மூடாத சொல். வசதியான சொல்.

இதோ. மகள் எழுந்துவிட்டாள். பெட்டியை எடுக்கிறாள். கிழவி அடுப்புப் பக்கமே திரும்பியிருக்கிறாள். மகள் வாசலுக்குப் போகிறாள், முதுகு, நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஆனால் இவள் நிற்கிறாள், திரும்புகிறாள், முழு முகம் திரை நிறைய, கண்ணில் கொஞ்சம் பச்சை, கீழுதட்டில் ஒரு வெடிப்பு, சொல்கிறாள். கதவைச் சாத்திக்கோ. தாழ்ப்பாள் மட்டும் போடாதே. நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். திரும்பினாள், சொன்னாள். இன்னொரு தடவை. இந்த வாக்கியத்துக்கு வாய் உண்டு என்று நான் நினைத்ததே கிடையாது. எத்தனை ஆனி, எத்தனை முதுகு, அது எப்போதும் சட்டைக்குப் பின்னாலிருந்துதான் வரும், வேர்வைத் தேசப்படத்திலிருந்து. இப்போது பார்க்கிறேன், கதவை என்பதில் கீழுதட்டைப் பல் லேசாகத் தொடுகிறது, தாழ்ப்பாள் என்பதில் உதடு ஒன்றை ஒன்று ஒட்டி, ஒரு கணம் வாக்கியமே இல்லாமல் மூடி இருந்து, பிறகு பாள் என்று திறக்கிறது, கதவு திறக்கிற மாதிரியே, மட்டும் என்பதில் இரண்டு முறை மூடுகிறது, போடாதே குவிந்து விரிந்து காற்றில் திறந்தே நின்றுவிடுகிறது. அப்போது அவருக்கும் இப்படித்தான் மூடியிருக்கும். மீசைக்குக் கீழே, வாசலைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாத பக்கத்தில். தெருவுக்குத் தெரிந்திருக்கும், எதிர்வீட்டு முருங்கைக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பெண் ஊர் தெரியாத கடற்கரையில் நின்றுகொண்டு, தன்னுடையதல்லாத வாயால், எனக்கு அதைக் காட்டுகிறாள், பாவம், அவள் என்ன சொன்னாளோ, அவள் மொழியில் அழகாக ஏதாவது சொல்லியிருப்பாள், யாரோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து அவளுக்காக யோசித்து எழுதியிருப்பாள், அதை அழித்துவிட்டு என் வீட்டு வாசலை அவள் முகத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மூலத்தைப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். அவளுடைய சொந்த வாய் திரும்பி வந்தது. மூடித் தொடங்கி, விரிந்து, முடியும்போது அழுத்தமாக மூடித் திறந்தது. கடைசியில் உதடு நடுங்கியது. அந்த நடுக்கம் மிஷின் வாயில் இல்லை.

எடுக்கச் சொன்னால் எங்கும் இருக்காது. ஆயுசுக்கும். விடச் சொன்னால் திருடனும் போலீஸ்காரனும் தினமும் சொல்வார்கள், தினமும் இறைத்தால் அது வெறும் தண்ணீர், எள்ளு எங்கே. காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் குமரவேல் உச்சுக்கொட்டுவார், அப்படியா மேடம் என்பார், டீ வரும், அடுத்த வாரம் ஸ்டூடியோ முழுக்கத் தெரியும், ரெஜினா கட்டிப்பிடித்து அழுவாள், நிஜ அழுகை, அதையும் யாராவது பதிவு செய்துகொள்வார்கள். நான் வருகிற ஆனிக்கு இங்கே இருப்பேன், அதுவரை வேலை உண்டு. அதற்கு அடுத்த ஆனிக்கு? முழங்காலும் கண்ணும் கேட்கிற கேள்வி வேறு. எனக்குப் பிறகு பங்காளி யார். சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டிருக்கிறதே இது, ஆயிரக்கணக்கான தாள்களில் வேறு எதையும் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு முறை யாரோ வாசலைத் தாண்டியதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறதே. அதற்கு ஒன்றும் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும், சரி. மொட்டை மாடியில் கூப்பிட்டுச் சோறு வைக்கிறேனே, காகத்துக்குத் தெரியுமா, தான் யாருக்காகச் சாப்பிடுகிறோம் என்று? ஒற்றைக்கால் தாங்கிக்கொண்டு வருகிற அந்தக் காகம், சோற்றைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, தின்கிறது, போகிறது. நாம்தான் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

கதவு திறந்தது, வெளிச்சம் சாய்வாக உள்ளே வந்தது, வெளியே வெயில்தான். "முடிஞ்சுதா மேடம்? எடுத்துடலாமா?" குமரவேல் மடிக்கணினியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த இடத்துல எடுத்துடுங்க என்றேன். இவள் 'பாத்து இரும்மா' என்று சொன்னால் போதும், அவள் சொந்த உதட்டுக்கே சரியாக உட்காரும், வாயை மாற்ற வேண்டாம், அவள் வாயை அவளிடமே விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் மூலத்தை ஓட்டி, தானே முணுமுணுத்துப் பார்த்து, "அட, நச்சுன்னு உக்காருது மேடம்" என்றார். இந்த அறையில் இனி யாருக்கும் தேவைப்படாத பாராட்டு, வாங்கி வைத்துக்கொண்டேன். "அப்ப மத்த இடத்துலயும் மொத்தமா..." மொத்தமாக வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் மட்டும். ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு தொடரில். வீட்டை விட்டு வெளியே போகிறவர் சொல்ல வேண்டும். முதுகு காட்ட வேண்டும், முகம் தெரியக் கூடாது. அவர் விரல்கள் நின்றன. "இதெல்லாம் எதுக்கு மேடம்? ஆனின்னா அதுக்கு எப்படிப் புரியும்?" ஜூன் நடுவிலேர்ந்து ஜூலை நடுவரைக்கும்னு போடுங்க. "அதில்ல மேடம். கம்பெனியில கேப்பாங்கல்ல, ஏன்னு?" முப்பது வருஷத்தில் ஏதாவது காரணமில்லாமல் கேட்டிருக்கிறேனா குமரவேல்? அவர் என்னைப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு அடிக்க ஆரம்பித்தார், இரண்டு விரலால், எப்போதும் போல. நாளைக்கே யாராவது இந்த விதியை அழித்துவிடலாம். தம்பி மகன்கூடத்தான் விட்டுவிட்டான். அவர் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார், மாதம், தடவை, யார், எந்தப் பக்கம், நான் சால்வையை நினைத்துக்கொண்டிருந்தேன், விசிறியை நிறுத்தினேனா இல்லையா.

"எதுவரைக்கும்னு கேக்குது மேடம். முடிவு தேதி."

"காலியா விடுங்க," என்றேன், எழுந்து கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு.